நேராக்கிய முடியும் சுருட்டை முடியும்: சலூனிலிருந்து வந்த பிறகு வீட்டில் என்ன செய்வது?

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரச் சலூன்களில் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இடம் கிடைப்பது சிரமம். ரிபோண்டிங், கெராட்டின், சாயம் என்று நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து, சில நூறு வெள்ளி செலவழித்து, கண்ணாடிபோல் பளபளக்கும் நேரான முடியோடு நம் பெண்கள் வீடு திரும்புகிறார்கள். பொங்கல் வருவதற்குள் பேச்சு மாறிவிடும். "முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுது" என்பார்கள். குழாய்த் தண்ணீரைக் குறை சொல்வார்கள், ஷாம்புவை மாற்றிப் பார்ப்பார்கள். கண்ணூறு என்று சொல்பவர்களும் உண்டு.

முதலில் ஒரு சின்னச் சோதனை. சீப்பில் வந்த முடிகளை ஒரு வெள்ளைத் தாளின்மேல் பரப்பிப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் அப்படி விழுவது எல்லாருக்கும் இயல்புதான். குமிழ் இல்லாமல், நீளம் ஏறியும் இறங்கியும் துண்டு துண்டாக இருந்தால் அது நடுவில் ஒடிந்த முடி.

வேரோடு மிக அதிகமாக விழுந்தால் காரணம் உடம்புக்குள் இருக்கலாம். இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, பிள்ளைப்பேறு, டிங்கி போன்ற கடுமையான காய்ச்சல் இவற்றால் அப்படி நேரும். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி விழத் தொடங்கும் என்பதால் பலர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. அதற்கு அரசாங்கக் கிளினிக்கில் ஓர் இரத்தப் பரிசோதனை கேட்பது எண்ணெய் மாற்றுவதைவிடப் பயன் தரும்.

ரிபோண்டிங் செய்தவர்களின் தாளில் பெரும்பாலும் தெரிவது இரண்டாவது வகை. முடி கொட்டவில்லை, ஒடிகிறது. ஒடிவதை வீட்டிலேயே பெருமளவு குறைக்க முடியும். அதற்கு அந்த ரசாயனம் முடிக்குள் என்ன செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முடிக்குள் நடப்பது என்ன?

தலைத்தோலுக்கு வெளியே நீளும் முடி உயிரில்லாத பொருள். நகத்தில் இருக்கும் கெராட்டின் என்ற புரதமே முடியிலும் இருக்கிறது. உயிரில்லாததால், ஒருமுறை பழுதான முடி தானாக ஆறாது. எந்த விலையில் எந்தப் பாட்டிலை வாங்கினாலும் பூச்சாகத்தான் நிற்கும்.

முடியின் வெளிப்புறத்தில் மெல்லிய செதில்கள், பழைய அத்தாப்புக் கூரை ஓலைகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்திருக்கும். கூரை ஒழுங்காக இருக்கும்வரை உள்ளே இருக்கும் நார்களுக்குச் சேதமில்லை. அந்த நார்களைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு வகைப் பிணைப்புகள். ஒன்று பலவீனமானது, தண்ணீர் பட்டாலே விட்டுவிடும். அயர்ன் போட்டு நேராக்கிய முடி ஒரு மழைத்தூறலில் மறுபடி சுருண்டுகொள்வது இதனால்தான். மற்றொன்று கந்தகப் பிணைப்பு. தண்ணீருக்கும் சூட்டுக்கும் மசியாது. முடி சுருட்டையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரிபோண்டிங் கைவைப்பது இந்தக் கந்தகப் பிணைப்பில்தான். முதலில் பூசும் களிம்பில் தயோகிளைக்கோலேட் என்ற ரசாயனம் இருக்கும். அது செதில்களைத் தூக்கிவிட்டு உள்ளே போய்ப் பிணைப்புகளை அறுக்கும். பிறகு கழுவி, உலர்த்தி, சூடான அயர்னால் நேராக இழுப்பார்கள். கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த மருந்தைப் பூசி, நேரான நிலையிலேயே பிணைப்புகளை மறுபடி பூட்டுவார்கள். அறுந்த பிணைப்புகள் அனைத்தும் திரும்பப் பூட்டிக்கொள்வதில்லை. தூக்கிய செதில்களும் முழுதாகப் படிவதில்லை. எவ்வளவு நல்ல சலூனாக இருந்தாலும், வீட்டுக்கு வரும் முடி போகும்போது இருந்ததைவிட பலம் குறைந்த முடிதான்.

மாதத்துக்குச் சுமார் ஒரு செண்டிமீட்டர் முடி வளரும். ஆறு மாதத்தில் ஆறு செண்டிமீட்டர் புதுமுடி, அதுவும் பழைய சுருட்டையாகவே வரும். ரசாயனம் வேருக்குள் எதையும் மாற்றுவதில்லை. மேலே ஆறு செண்டிமீட்டர் பலமான சுருட்டை, கீழே பலவீனமான நேர்முடி. இரண்டும் சந்திக்கும் இடம்தான் எளிதில் ஒடியும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று பலர் தலை முழுவதும் மறுபடி ரிபோண்டிங் போடச் சொல்கிறார்கள். இரண்டாம் முறை களிம்பு புதுமுடிக்கு மட்டும்தான் போக வேண்டும். ஏற்கெனவே நேராக்கிய பகுதியில் மறுபடி பூசினால், மீதமிருந்த பிணைப்புகளும் போய், ஈரத்தில் இழுத்தால் ரப்பர்போல் நீண்டு அறுந்து வரும்.

நம் ஊர்ச் சலூன்கள் பலவற்றில் வேலை செய்பவர்களின் கை, தடித்த நேரான சீனர் முடிக்குப் பழகிய கை. களிம்பை எத்தனை நிமிடம் விடுவது என்ற கணக்கும் அந்த முடிக்கு ஏற்றதாக இருந்துவிடலாம். நம்மில் பலருக்குச் சுருட்டை அதிகம், இழை மெல்லியது. அதனால் பின்கழுத்துப் பக்கம் ஒரு சிறு கற்றையில் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தலையில் முன்பு என்ன பட்டிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "ரம்புட் சாயா டா பெர்னா ரிபோண்டிங், டா பெர்னா வார்னா" என்று ஒரு வாக்கியம் மலாயில் சொன்னால் போதும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டால் பாதி முடி போய்விடும்.

இன்னொன்று. தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்திருக்கும் நாளில் ரிபோண்டிங்குக்கு நேரம் எடுக்காதீர்கள். களிம்பை ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் அலச வேண்டும். வாளியில் மொண்டு ஊற்றிச் செய்யும் வேலையில்லை அது.

ஆப்பிரிக்க முடிக்கான களிம்பு நம் தலைக்கு வரும்போது

இணையக் கடைகளில் இப்போது ரிலாக்சர் என்ற பெயரில் வீட்டிலேயே பூசிக்கொள்ளும் பெட்டிகள் கிடைக்கின்றன. சலூன் விலையில் கால்வாசிகூட இராது. இவை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடிக்காகச் செய்யப்பட்டவை. கம்பிச் சுருள்போல் மிக நெருக்கமாகச் சுருண்ட முடி அது. வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் தட்டையான முட்டை வடிவில் இருக்கும். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் அத்தனை வளைவுகளையும் தாண்டி நுனிக்கு வந்து சேராது. அதனால் இயல்பிலேயே வறண்டது, ஒவ்வொரு வளைவிலும் ஒடியக்கூடியது.

அந்த முடியை நேராக்கும் வியாபாரத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கேரட் மோர்கன் என்ற கருப்பின வணிகர் 1910களிலேயே முடி நேராக்கும் களிம்பை விற்றார். பின்னர் வந்த ரிலாக்சர்களின் முக்கியப் பொருள் சோடியம் ஹைட்ராக்சைடு. சாக்கடை அடைப்பு நீக்கப் பயன்படும் காஸ்டிக் சோடா என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். "லை இல்லை" என்று எழுதியிருக்கும் பெட்டிகளில் அதன் இடத்தில் வேறொரு ஹைட்ராக்சைடு இருக்கும். அதுவும் கடுமையான காரம்தான்.

ரிபோண்டிங்கில் அறுந்த பிணைப்பை மறுபடி பூட்டுகிறார்கள். ரிலாக்சரில் அந்தப் பிணைப்பு நிரந்தரமாக வேறொன்றாக மாறிவிடுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத ரசாயனங்கள். ரிபோண்டிங் செய்த முடியில் ரிலாக்சர் போட்டாலும், ரிலாக்சர் போட்ட முடியில் ரிபோண்டிங் செய்தாலும் முடி கையோடு கழன்று வரும் அபாயம் உண்டு. தோழியோடு சேர்ந்து வீட்டில் செய்து பார்க்கலாம் என்று நினைக்கும் பதின்ம வயதுப் பெண்களுக்கு இதைத் தாய்மார்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். தலைத்தோல் வெந்தால் அந்த இடத்தில் தழும்பு விழுந்து, மறுபடி முடி முளைக்காமலே போகலாம்.

ஆனால் அந்தப் பெண்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் நிறைய இருக்கிறது. நேராக்கிய முடியையும் சுருட்டை முடியையும் தினமும் எப்படிக் கையாள்வது என்பதில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அனுபவம் பெரியது. அகலப்பல் சீப்பு, நுனியிலிருந்து மேலே சிக்கெடுப்பது, தூங்கும்போது வழுவழுப்பான துணி, ஷாம்புவைக் குறைத்துக் கண்டிஷனரைக் கூட்டுவது ஆகியவை அப்படியே நமக்கும் பொருந்தும். ஷியா பட்டர், ஆமணக்கெண்ணெய் போன்ற கனமானவற்றை நாள் முழுக்கத் தலையில் வைத்திருப்பது மட்டும் நமக்குச் சரிவராது. நம் முடி அவ்வளவு வறண்டதல்ல. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, பொடுகைத்தான் வளர்க்கும். யூடியூப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனித்தால் காசு மிச்சம்.

தினசரிக் கவனிப்பு

ரிபோண்டிங் முடிந்து இரண்டு மூன்று நாள் கழுவாதே, கட்டாதே என்று சலூனில் சொல்வார்கள். சொன்னபடி கேளுங்கள். மறுநாளே வெயிலில் வியர்க்க வேலை இருந்தால், அல்லது மோட்டாரில் ஹெல்மட் போட்டுப் போக வேண்டியிருந்தால், விடுமுறைக்கு முன்தினம் செய்துகொள்வது நல்லது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஷாம்பு போதும். தொழிற்சாலையிலோ செம்பனைக் காட்டிலோ வேலை செய்பவர்களுக்கு இது போதாது என்று தோன்றும். நியாயம்தான். மற்ற நாள்களில் வெறும் தண்ணீரில் வியர்வையை அலசிவிட்டு நுனிக்கு மட்டும் கொஞ்சம் கண்டிஷனர் போடலாம். ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் முடியின் நீளத்துக்கு. ஷாம்புவை நுனிவரை போட்டுத் துணி துவைப்பதுபோல் கசக்குகிறோம், கண்டிஷனரை மண்டையில் தேய்க்கிறோம். இரண்டுமே தலைகீழ். பழுதான முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் அதிகம். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னேற்றப் பொருள்கள் அந்த இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு, தூக்கி நிற்கும் செதில்களைப் படிய வைக்கின்றன. ரசாயனம் பட்ட முடிக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. 10 வெள்ளிக் கண்டிஷனரும் இந்த வேலையைச் செய்யும்.

குளித்து முடித்ததும் துண்டை முறுக்கி, குனிந்து நின்று 'சட் சட்' என்று முடியை அடித்து உலர்த்துவது நம் வீடுகளின் பழக்கம். பாட்டி காலத்து, ரசாயனமே படாத முடிக்கு அது தாங்கியது. நேராக்கிய முடி ஈரத்தில் இருக்கும்போதுதான் மிகப் பலவீனம். பழைய பருத்தி டீ-சட்டையில் சுற்றி, அழுத்தி ஈரத்தை எடுங்கள். தேய்க்கவே வேண்டாம்.

சிக்கெடுப்பதை முடி நனைந்து, கண்டிஷனர் வழுக்கலோடு இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் முடித்துவிடுங்கள். நுனியில் ஒரு சாண் முதலில், பிறகு நடு, கடைசியாக மேலே. மேலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் சிக்கெல்லாம் கீழே ஒரே முடிச்சாகி அங்கே அறுந்துவிடும். சுருட்டை முடிக்காரர்கள் உலர்ந்த பிறகு சீப்பைத் தொடாமல் இருந்தால் சுருள் கலையாது.

எண்ணெய் விஷயத்தில் நம் பாட்டிமார்கள் செய்தது சரி என்பதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. இந்தியாவில் ரேலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கழுவும்போது முடியிலிருந்து வெளியேறும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் புகுந்துகொள்கிறது. தலைக்கு ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ, முந்திய இரவோ, முடியின் நீளத்துக்குத் தடவி, பிறகு கழுவுங்கள். ரிபோண்டிங் செய்தவர்கள் எண்ணெயே வைக்கக்கூடாது என்று சொல்வது தவறு. எண்ணெயை வைத்துக்கொண்டு அயர்ன் போடுவதுதான் கூடாது. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலைத்தோலில் விட்டு வைக்க வேண்டாம். பொடுகோடு தொடர்புடைய நுண்பூஞ்சைக்கு அது தீனி.

சீயக்காய்ப் பழக்கம் உள்ளவர்கள் விட வேண்டியதில்லை. பொடியை அப்படியே தேய்க்காமல், ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். செதில் தூக்கிய முடியில் பொடியின் துகள்கள் உப்புத்தாள்போல் உரசும்.

அயர்னைப் பற்றி ஒரே எச்சரிக்கை. ஈரமுடியில் வைக்காதீர்கள். முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி உள்ளேயே குமிழ்களை உண்டாக்கும். அந்தக் குமிழ் உள்ள இடத்தில் முடி ஒடியும். 'சுஸ்' என்ற சத்தம் கேட்டால் முடி வேகிறது என்று பொருள். ரசாயனம் பட்ட முடிக்கு 150 பாகை செல்சியஸ் அளவே போதும், அதுவும் எப்போதாவது.

ஹெல்மட் நம் வட்டாரத்தில் தவிர்க்க முடியாதது. ஈஜோக்கிலிருந்தும் புக்கிட் ரோத்தானிலிருந்தும் விடியற்காலையில் ஈரத்தலையோடு ஹெல்மட் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனையோ பேர். முந்திய இரவே தலைக்கு ஊற்றுவதுதான் இதற்கு வழி. ஹெல்மட்டுக்குள் ஒரு மெல்லிய வழுக்குத் துணியைக் கட்டிக்கொண்டால் உராய்வு குறையும். துணி தடிமனாக இருந்து ஹெல்மட் தளர்ந்துவிடக் கூடாது. கொண்டையை உச்சியில் போட்டு அதன்மேல் ஹெல்மட்டை அமுக்குவது முடிக்கும் கேடு, உயிருக்கும் கேடு. தாழ்வாக, தளர்வாக ஒரு பின்னல் போதும். இரவில் தலையணைக்குப் பழைய சில்க் புடவைத் துண்டில் ஓர் உறை தைத்துப் போடுங்கள். செலவே இல்லை.

இறுக்கிக் கட்டுவது

நெற்றியோரமும் காதோரமும் முடி பின்வாங்கியிருக்கும் பெண்களை நம் கோயில் திருவிழாக்களில் நிறையப் பார்க்கலாம். பரம்பரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பலருக்கு அது பள்ளிக் காலத்திலிருந்து ரிப்பன் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையின் விளைவு. அதோடு சவரி வைத்த கனமான பின்னல், பரத நாட்டியக் கொண்டை, நாள் முழுக்க ஒரே இடத்தில் ரப்பர் பேண்ட். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பகுதியில் பள்ளி மாணவிகளிடமும் பெண்களிடமும் நடத்தப்பட்ட ஆய்வுகளில், ரசாயனம் போட்டு நேராக்கிய முடியை இறுக்கிப் பின்னும்போது இந்த இழுவைச் சொட்டை இன்னும் அதிகமாக வருவது தெரிந்தது. ஆரம்பத்தில் தளர்த்தினால் முடி திரும்ப வரும். பல ஆண்டு விட்டால் வேர் தழும்பாகிவிடும், பிறகு வராது. பின்னிய பிறகு தலை வலித்தால், நெற்றியோரம் சின்னப் பருக்கள் வந்தால், இறுக்கம் அதிகம். அதே நாளில் அவிழ்த்துப் போடுங்கள்.

சுருட்டை முடியுள்ள பெண் பிள்ளைகளுக்கு இதில் இரட்டைக் கஷ்டம். "மெகி மீ" என்று பள்ளியில் கேலி, வீட்டில் சீப்போடு சண்டை. அடங்குவதில்லை என்பதற்காக இன்னும் இறுக்கிப் பின்னுகிறோம், பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே ரிபோண்டிங்குக்கு அழைத்துப் போகிறோம். அந்த வயதில் வேண்டாம் என்பதே என் கருத்து. ஞாயிறு மாலை கண்டிஷனரோடு சிக்கெடுத்து, தளர்வாகப் பின்னிவிட்டால் வாரநாள்களில் அதிகம் தொட வேண்டியிருக்காது. சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு அறலை உவமை சொன்னார்கள். ஆற்றுநீர் ஓடிய தடத்தில் அலையலையாகப் படிந்திருக்கும் கருமணல்தான் அறல். நெளிவைக் குறையாகப் பார்க்கும் கண் நமக்குப் பிற்காலத்தில் வந்தது. அமெரிக்காவில் இயற்கையான முடியோடு வந்தவர்களைப் பள்ளியும் வேலையிடமும் ஒதுக்கியதால், அதைத் தடைசெய்ய 2019இல் கலிபோர்னியா மாநிலம் தனிச் சட்டமே கொண்டு வந்தது.

சாயம், கெராட்டின், புகை

சாயத்தையும் ரிபோண்டிங்கையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள், ரிபோண்டிங் முதலில். கருப்புச் சாயங்கள் பலவற்றில் பிபிடி என்ற ரசாயனம் உண்டு. அது சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பொறுங்கள். மீசைக்குச் சாயம் போடும் ஆண்களுக்கும் இது பொருந்தும். "கருப்பு மருதாணி" என்று விற்பதிலும் பெரும்பாலும் இதே பிபிடிதான். சுத்தமான மருதாணி கருப்பாகப் பிடிக்காது. உலோக உப்பு கலந்த மருதாணி போட்டிருந்தால் சலூனில் கட்டாயம் சொல்லுங்கள்; பெராக்சைடு பட்டால் முடி சூடேறிக் கருகலாம்.

கெராட்டின் டிரீட்மெண்ட் என்பது பெயரில் புரதம். நேராக்கும் வேலையைச் செய்வது பல தயாரிப்புகளில் ஃபார்மால்டிஹைட், அல்லது சூட்டில் அதை வெளிவிடும் பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அயர்ன் வைக்கும்போது கண் எரிந்து தொண்டை கமறினால் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறீர்கள். "ஃபார்மால்டிஹைட் இல்லை" என்ற லேபிளை மட்டும் நம்பிவிட முடியாது. அப்படி எழுதி விற்ற பொருளில் அது இருந்ததற்காக 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு தயாரிப்பாளரை எச்சரித்தது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலத்திலும் சிக்கல் உண்டு. அந்த அமிலம் கலந்த களிம்பால் முடியை நேராக்கிய 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என்று ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். முடி நேராக்கிய அன்றோ மறுநாளோ வாந்தியும் இடுப்பு வலியும் வந்தால் மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் ஆய்வு ஒன்று வந்தது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு. முடி நேராக்கும் ரசாயனத்தை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு என்று கணித்தது. எந்தப் பொருள், எந்தப் பிராண்டு என்று அந்த ஆய்வு கேட்கவில்லை. ரசாயனம்தான் காரணம் என்று நிரூபிக்கவுமில்லை. வருடத்துக்கு ஒருமுறை ரிபோண்டிங் செய்பவர் இதைப் படித்து நடுங்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் பிள்ளை பிறக்கும்வரை தள்ளிப்போடலாம்.

எனக்கு அதிகக் கவலை வாடிக்கையாளரைப் பற்றியதல்ல. சலூனில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் இளம்பெண்கள் அந்தப் புகைக்குள் நாள் முழுக்க நிற்கிறார்கள். ஏர்கான் குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு கெராட்டின் போடும் கடையில் வேலை பார்ப்பவர்கள், சன்னலைத் திறக்கவும் புகையை வெளியே இழுக்கும் விசிறி பொருத்தவும் முதலாளியிடம் கேட்க வேண்டும். துணி முகக்கவசம் இந்த வாயுவைத் தடுக்காது.

வாங்கும் முன்பும், வெந்துபோன பின்பும்

மலேசியாவில் விற்கப்படும் முடி மருந்துகளை, மற்ற அழகுப் பொருள்களைப் போலவே, சுகாதார அமைச்சின் கீழுள்ள என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட பொருளுக்கு 'என்ஓடி' என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் எண் உண்டு. என்பிஆர்ஏயின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தட்டித் தேடலாம். எண் இருப்பதால் பாதுகாப்பு உறுதி என்று சொல்ல முடியாது. தேடியும் கிடைக்காத பொருளைத் தலையில் வைக்காதீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பாசார் மாலாமில் பெயர் ஒட்டாத டப்பாவில் விற்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

களிம்பு பூசியிருக்கும்போது லேசான குறுகுறுப்பைத் தாண்டி எரியத் தொடங்கினால், "இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்துக்க" என்று சொன்னாலும் பொறுக்காதீர்கள். உடனே கழுவச் சொல்லுங்கள். ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம். கண்ணில் பட்டிருந்தாலும் அப்படியே கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பற்பசை, கமாட் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் வெந்த இடத்தில் தடவ வேண்டாம். குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் கட்டணம். தஞ்சோங் காராங்கில் மருத்துவமனையே இருக்கிறது. பூசிய பொருளின் பெட்டியையோ அதன் படத்தையோ கையோடு கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும்.

அந்தப் பெட்டி வேறொன்றுக்கும் உதவும். சலூனில் கொடுத்த பணமும் போய் முடியும் போனால், "விதி" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இயங்குகிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். இணையம் வழியாகவும் பதியலாம்; படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் படித்த பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்துகொள்ளலாம். ரசீது, பூசிய பொருளின் பெயர், செய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள், கிளினிக் சீட்டு இவை கையில் இருக்கட்டும். ரசீது தராத கடையானால், பணம் கட்டும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.